உவர் பூத்த சுவரும் ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சல்களும்: புதுச்சேரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு வீதிகள் உள்ளடங்கிய ஒரு பழைய வீட்டின் மதில் சுவர்தான் இந்த ஆய்வின் மூலப்பொருள். வெளியூரிலிருந்து வருவோர் முதுகைச் சாய்த்து நின்று படம் எடுத்துக்கொள்ளும் அதே மஞ்சள் நிறம். மேலே காகிதப்பூக் கொடி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் ஊறிய அந்தச் சுவர், அடுத்து வந்த கோடையில் உவர் பூத்தது. செங்கல்லிலும் காரையிலும் கரைந்திருந்த உப்பு, ஈரம் காயும்போது மேற்பரப்புக்கு வந்து படிகமாகிறது. பூச்சுக்கு அடியிலேயே படிகமானால் பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடுகிறது. ஆகவே அந்தச் சுவரில் அப்போது நான்கு பொருள்கள் இருந்தன: மீந்த மஞ்சள், வெள்ளை உவர், பூச்சு உதிர்ந்து வெளித்தெரிந்த சாம்பல் பழுப்புக் காரை, கொடியின் பூ. இலைகளைச் சேர்த்தால் ஐந்து.

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, சுவரும் கொடியும் மட்டும் சட்டத்துக்குள் அமையும்படி படம் எடுத்தேன். அகலம் 3000 பிக்சல், உயரம் 4000 பிக்சல், மொத்தம் 1 கோடியே 20 லட்சம். இவற்றில் ஒன்றையும் சேர்க்காமல், ஒன்றையும் நீக்காமல், எதன் நிறத்தையும் மாற்றாமல், இடத்தை மட்டும் மாற்றி ஓர் அரூப ஓவியத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்பதே எனக்கு நானே வைத்துக்கொண்ட கேள்வி. இந்த நிபந்தனை சற்றுப் பாசாங்கானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பைத்தான் இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அதில் உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. ஒரு பிக்சலில் நாம் காணும் மூன்று எண்களில் இரண்டு, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணித்தவை. கேமரா கணித்ததை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன். அதன்மேல் என் கணிப்பு எதுவும் சேரக்கூடாது என்பதுதான் நிபந்தனை.

முதல் முயற்சி: முழு நிரல்

பிக்சல்களை வரிசைப்படுத்திப் படம் செய்யும் உத்தி புதிதன்று. கேசி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் 2001-இல் தொடங்கிய பிராசஸிங் என்னும் கணினி மொழியில், ஜெர்மானியக் கலைஞர் கிம் ஆசென்டார்ஃப் 2010-இல் எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்ட ஒரு சிறு ப்ரோகிராம்தான் அதைப் பரவலாக்கியது. நான் பைத்தான் என்னும் இன்னொரு கணினி மொழியில் எழுதினேன். பாடநூல் வழக்கப்படி கிடைமட்டத்தை நிரை என்றும் செங்குத்தை நிரல் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்; குழப்பம் வேண்டாம் என்பதற்காகக் கணினிக்கு எழுதுவதைப் ப்ரோகிராம் என்றே சொல்கிறேன்.

முதலில் 3000 நிரல்களையும், ஒவ்வொன்றிலும் உள்ள 4000 பிக்சல்களையும், ஒளிர்வின்படி மேலே வெளிச்சம் கீழே இருட்டு என்று அடுக்கினேன். ஈரம் தரையிலிருந்து ஏறுவதால் இருட்டு அடியில் இருக்கட்டும் என்பது மட்டுமே அப்போது நான் எடுத்த முடிவு. கிடைத்தது, வெள்ளையில் தொடங்கி மஞ்சள் வழியாகக் கரும்பச்சையில் முடியும் ஓர் அழகான நிறச்சரிவு. அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் எப்போதோ எடுத்திருந்த விசைப்படகுகளின் படம் ஒன்றை அதே ப்ரோகிராமில் போட்டபோது, நிறம் வேறாக இருந்ததே தவிர, உருவத்தில் இரண்டும் ஒரே தறியில் நெய்தவை போல இருந்தன. காரணம் எளிது. முழு நிரலையும் வரிசைப்படுத்தினால் அந்த நிரலில் எந்த ஒளிர்வு எத்தனை முறை வந்தது என்னும் கணக்கு மட்டுமே மிஞ்சுகிறது. எங்கே இருந்தது என்பது முற்றிலும் அழிந்துவிடுகிறது. சுவருக்கும் படகுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ‘எங்கே’யில்தான் இருந்தது.

இணையத்தில் பாராட்டுப் பெறும் இவ்வகைப் படங்களில் பல இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. பார்ப்பவர் ரசிப்பது வரிசையாக்கம் என்னும் செயலின் பொதுவான அழகை. எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதில் பங்கில்லை.

மூன்று எண்ணை ஓர் எண்ணாக்குதல்

வரிசைப்படுத்த வேண்டுமானால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண் வேண்டும். பிக்சலிடமோ 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றை ஒன்றாக்கும்போது ஏதோ ஒன்று தொலைந்தே ஆக வேண்டும். எது தொலைகிறது என்பதை அளந்து பார்க்க, சுவரின் நான்கு இடங்களில் நிறத்தைத் தொட்டு எடுத்தேன். மஞ்சள் பூச்சில் சிவப்பு 224, பச்சை 172, நீலம் 52. உவரில் 226, 219, 204. உதிர்ந்த காரையில் 120, 98, 78. காகிதப்பூவில் 196, 40, 120.

ஒளிர்வு என்பது பழைய தொலைக்காட்சித் தரத்திலிருந்து வந்த கணக்கு: சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587 பங்கு, நீலத்தில் 0.114 பங்கு. இதன்படி மஞ்சளுக்கு 174, உவருக்கு 219, காரைக்கு 102, பூவுக்கு 96. சுவரிலேயே மிகப் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் பூவும், கண் தவிர்த்துவிட்டுப் போகும் காரையும் ஒளிர்வுக் கணக்கில் ஏறக்குறைய உடன்பிறப்புகள். முதல் படத்தில் ஊதா கலந்த அந்தச் சிவப்பு ஏன் சேறு பூசியதுபோல் மங்கிக் கிடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது: பூப் பிக்சல்களுக்கு இடையிடையே காரைப் பிக்சல்கள் வந்து செருகிக்கொண்டிருந்தன.

சரி, நிறக்கோணத்தை, அதாவது நிறவட்டத்தில் அந்த நிறம் நிற்கும் பாகையை, சாவியாக (வரிசைப்படுத்தப் பயன்படும் எண்ணாக) வைக்கலாம் என்று மாற்றினேன். பூ 329 பாகை, காரை 29 பாகை. இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. ஆனால் மஞ்சள் 42, உவர் 41. சுவரைத் தின்றுகொண்டிருந்த உப்பும் அது தின்ற பூச்சும் ஒன்றாகிவிட்டன. போதாக்குறைக்கு, நிறக்கோணம் ஒரு வட்டம். அதைக் கோடாக விரித்தால் 359-க்கும் 0-க்கும் இடையே வெட்டு விழுகிறது, அடுத்தடுத்து இருக்க வேண்டிய சிவப்புகள் இரு கோடிகளுக்குப் போய்விடுகின்றன. வெள்ளைக்கு நெருங்கிய நிறங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உவரில் ஒரு பிக்சல் 222, 221, 206 என்றும் பக்கத்துப் பிக்சல் 228, 216, 203 என்றும் இருந்தால் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. நிறக்கோணத்திலோ ஒன்று 56, மற்றது 31. கேமராவின் இரைச்சல்தான் (அளவீட்டில் தற்செயலாக விழும் சிறு பிசிறு) அங்கே வரிசையைத் தீர்மானிக்கிறது.

செறிவை, அதாவது நிறம் எவ்வளவு அழுத்தமானது என்பதற்கான 0 முதல் 1 வரையிலான எண்ணை, எடுத்துக்கொண்டால், உவர் 0.10, காரை 0.35 என்று அழகாகத் தனித்து நின்றன, மஞ்சள் 0.77, பூ 0.80 என்று சேர்ந்துகொண்டன.

இந்த மூன்று முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாலைதான் இந்த முயற்சியின் திருப்பம். ஒவ்வொரு சாவியும் சுவரின் ஏதோ இரண்டு பொருள்களை ஒன்றென்று எண்ணிவிடுகிறது. பூவும் இடிபாடும் ஒன்று, அல்லது உப்பும் பூச்சும் ஒன்று, அல்லது பூவும் பூச்சும் ஒன்று. சரியான சாவி எது என்று தேடிக்கொண்டிருந்தவன், எந்தக் குழப்பம் எனக்கு வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன்.

அணைகள், தட்டுகள்

அடுத்தது வரம்பு. ஆசென்டார்ஃபின் முறையிலேயே இது உண்டு: நிரல் முழுவதையும் அடுக்காமல், குறிப்பிட்ட ஒளிர்வு எல்லைக்குள் தொடர்ச்சியாக இருக்கும் பிக்சல் துண்டுகளை மட்டும் அடுக்குவது. உவரின் ஒளிர்வு 200-க்கு மேல் என்பதால், 200-க்கு மேற்பட்ட பிக்சல் எதையும் தொடக்கூடாது என்று வைத்தேன். உவர்த் திட்டுகள் நீரோட்டத்தில் அணைபோல நின்றுகொண்டன. ஓர் அணைக்கும் அடுத்த அணைக்கும் இடையே மட்டும் மற்றவை வரிசையாயின. சுவரின் ‘எங்கே’ திரும்பி வந்தது. ஆனாலும் படம் முழுவதும் மெழுகு உருகி வழிவதுபோன்ற தோற்றம். பத்தாண்டுகளாக இசைத்தட்டு உறைகளிலும் சுவரொட்டிகளிலும் பார்த்துச் சலித்த வழிசல் அது. அதோடு ஒரு துண்டுக்குள் காரையும் பூவும் கலப்பது அப்படியே இருந்தது.

அதைத் தீர்த்தது கலையறிவு ஒன்றுமில்லை, பைத்தானில் எண் கணக்குகளுக்கென ஆயத்தமாகக் கிடைக்கும் நம்பை நூலகத்தின் ஒரு சிறு அமைப்பு. ஒரே மதிப்புள்ள இரண்டு பிக்சல்கள் வந்தால் எதை முன்னே வைப்பது? அதன் இயல்பான வரிசையாக்கம் இதற்கு உறுதி எதுவும் தருவதில்லை. நிலைபேறுள்ள வரிசையாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், முன்பு மேலே இருந்தது பின்பும் மேலேயே இருக்கும். ஒளிர்வை 256 படிகளாக வைத்திருக்கும்வரை இதனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ஒளிர்வை வேண்டுமென்றே கரடுமுரடாக்கி, 32 அகலமுள்ள 8 தட்டுகளாகப் பிரித்தேன். 160 முதல் 191 வரை ஒரு தட்டு. மஞ்சள் பூச்சு கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள் அடங்கியது. 96 முதல் 127 வரை ஒரு தட்டு. காரையும் பூவும் அதற்குள். இலை இன்னும் கீழே.

இப்போது தட்டுகள்தான் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒரு தட்டுக்குள் இருக்கும் பிக்சல்கள் தமக்குள் இடம் மாறுவதில்லை. சுவரில் மேலிருந்து கீழாக எந்த ஒழுங்கில் இருந்தனவோ அதே ஒழுங்கில் நெருங்கி அமர்கின்றன. பூவும் காரையும் ஒரே தட்டில் இருந்தும் கலக்கவில்லை: கொடி மேலே இருந்ததால் பூ மேலே, காரை அதன் அடியில். மட்டக்கோலால் பூச்சைத் தேய்த்த அரைவட்டத் தடங்களும், யாரோ சைக்கிளைச் சாய்த்துக் கீறிய கோடும்கூட, துண்டு துண்டாக ஆனாலும் அடையாளம் தெரியும்படி படத்தில் பிழைத்திருந்தன. நிறச்சரிவும் இல்லை, நிழற்படமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மண் படிவுகளை வெட்டிப் பார்த்தாற்போன்ற ஒன்று. 16 தட்டு வைத்தால் வழிசல் தலைகாட்டுகிறது. 4 தட்டு வைத்தால் காரை வேறு தட்டுகளோடு சேர்ந்து தன் அடையாளத்தை இழக்கிறது. 8-இல் நிறுத்தினேன்.

நடுவே நேர்ந்த ஒரு பிசகையும் பதிவு செய்கிறேன். எந்தப் பிக்சலும் மாறவில்லை என்று உறுதிசெய்ய, முதல் படத்தின் பிக்சல்களையும் கடைசிப் படத்தின் பிக்சல்களையும் தனித்தனியே எண் வரிசையாக்கி ஒப்பிடும் சோதனை ஒன்றை எழுதியிருந்தேன். சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் எண்ணிக்கைகளைத் தனித்தனியே ஒப்பிட்டால் போதாது, மூன்றும் சேர்ந்த கூட்டு மாறாமல் இருக்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து அந்தச் சோதனை தோற்றது. ப்ரோகிராமை வரி வரியாகத் துருவியும் பிழை கிடைக்கவில்லை. பிழை ப்ரோகிராமில் இல்லை: இடைநிலைப் படத்தை வழக்கமான கைப்பழக்கத்தில் ஜேபெக்காகச் சேமித்துவைத்து, மறுநாள் அதையே திறந்து வேலையைத் தொடர்ந்திருந்தேன். ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. நிறத் தகவலைப் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒன்று என்று குறைத்தும்விடுகிறது. இயல்பான படத்தில் இந்தக் குறைப்பு கண்ணுக்குத் தெரியாது. வரிசையாக்கிய படத்திலோ ஒரே ஒரு பிக்சல் அகலத்தில் பூவின் சிவப்பு ஓடும், அடுத்த நிரலில் மஞ்சள் ஓடும். அந்த நிறங்களைச் சராசரியாக்கினால் இரண்டுமே வெளுக்கும். நான் விரும்பிச் செய்த நெருக்கத்தைத்தான் அது முதலில் தின்றது. எல்லாவற்றையும், எதையும் இழக்காமல் சேமிக்கும் பி.என்.ஜி வடிவத்துக்கு மாற்றி மூலப்படத்திலிருந்து மறுபடி தொடங்கினேன், சோதனை தேறியது.

பாவும் ஊடையும்

பிக்சலைப் பற்றித் தமிழில் எழுதும்போது கோலப் புள்ளியை உவமையாக்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோலத்தில் புள்ளி, கோட்டுக்கு வழிகாட்டி. பிக்சல் எதற்கும் வழிகாட்டுவதில்லை, தானே உருவத்தின் உடம்பு. தறிதான் பொருத்தம் என்பது, குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்த குடும்பத்திலிருந்து வந்த ஒரு தோழி என் வீட்டில் ஏ3 தாளில் இருந்த மாதிரிப் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. தாளைச் சற்று நேரம் கண்ணுக்கு அருகே வைத்திருந்துவிட்டு, “என்னண்ணே, பாவு மட்டும்தான் ஓடியிருக்கு, ஊடையே விழலியே” என்றார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை அதன் குறுக்கே கோக்கும் நூல். அவர் சொன்னது துல்லியமான தொழில்நுட்ப விமர்சனம். 3000 நிரல்களும் 3000 பாவு நூல்கள். ஒரு நூலுக்கும் பக்கத்து நூலுக்கும் தொடர்பே இல்லை. நிரைவழியிலும் ஏதாவது நடந்தாக வேண்டும். கணிதத்தில் ஒரு வியப்பான உண்மை உண்டு: எண் கட்டம் ஒன்றில் முதலில் எல்லா நிரல்களையும் வரிசைப்படுத்தி, பிறகு எல்லா நிரைகளையும் வரிசைப்படுத்தினால், நிரல்களின் வரிசை கெடுவதில்லை. ஊடை விழுவதால் பாவு குலையாது என்று அதைச் சொல்லலாம். ஆனால் இது முழு நிரலும் முழு நிரையும் வரிசையானால் மட்டுமே பொருந்தும். அணைகள் குறுக்கிட்ட என் படத்தில் எல்லா நிரைகளையும் தொட்டால் கட்டிய தட்டுகள் சிதறின.

ஆகவே ஊடையை உவருக்கு மட்டும் விட்டேன். அதுவரை அசையாமல் அணையாக நின்ற 200-க்கு மேற்பட்ட பிக்சல்கள், அவை தொடர்ச்சியாக இருக்கும் இடங்களில் மட்டும், நிரைவழியே இடமிருந்து வலமாக அடுக்கப்பட்டன. இங்கே சாவி செறிவு: தூய வெள்ளை இடப்புறம், மஞ்சள் கசிந்த வெள்ளை வலப்புறம். நிறக்கோணம் உவரில் இரைச்சலைத்தான் அளக்கும் என்பது முன்பே தெரிந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. செங்குத்தாக நிற்கும் தட்டுகளின் நடுவே உவர்த் திட்டுகள் கிடையாக மின்னும் சிறு சிறு பட்டைகளாயின. அடுத்த முறை வந்த தோழி, “இப்ப துணி” என்று மட்டும் சொன்னார்.

அச்சு

திரையில் முடிந்ததைத் தாளில் கொண்டுவருவது தனி வேலை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் படம் 10 அங்குல அகலம், 13 அங்குலத்துக்குச் சற்று மேலான உயரம்; ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கையில் பிடித்துப் பார்க்கும் தொலைவில் கண்ணால் பிரித்தறிய முடிந்த எல்லை அதுதான். ஒரு நிரல் தனியாகத் தெரிய வேண்டுமென்றால் பெரிதாக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு பிக்சலையும் 4-க்கு 4 சதுரமாக, நிறம் மாறாமல் பெருக்கினேன். 40-க்கு 53 அங்குலம்; ஒரு பிக்சல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இந்த அளவில், இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் நூல்கள் கலந்து பெரிய வண்ணத் திட்டுகளாகத் தெரியும். ஒரு மீட்டருக்குள் வந்தால்தான் நூல் பிரியும். இரண்டு தொலைவுக்கு இரண்டு படம் என்பது எனக்கு வேண்டியிருந்தது.

முதல் அச்சு வந்தபோது படம் எண்ணெய்த் துணியால் துடைத்ததுபோல் மழமழவென்று இருந்தது. அச்சகத்தில் கேட்டேன். “பிக்சல் உடைஞ்சு உடைஞ்சு இருந்துச்சு சார், நாங்களே ஸ்மூத் பண்ணிட்டோம்” என்று, உதவி செய்த மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிக்சல் உடையாமல் கொடுப்பதுதான் அவர்களுடைய அன்றாடத் தொழில். ஆனால் விளிம்புகளை மிருதுவாக்கும் ஒவ்வொரு வழியும் இரண்டு நிறங்களுக்கு நடுவே சுவரில் இல்லாத மூன்றாவது நிறத்தைப் புகுத்துகிறது. ஜேபெக் செய்த அதே வேலை, வேறு கையால். பணமும் கான்வாஸும் போயிற்று. மறுமுறை கணினியில் இருந்த தம்பியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, சதுரங்களின் கூரிய முனைகளைக் காட்டி, எதையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “இதுதான் டிசைனேவா சார்?” என்றார். ஆமாம் என்றேன்.

அந்த இரண்டாவது அச்சுதான் இப்போது என் கூடத்தில் தொங்குகிறது.

பொங்கலுக்கு முன் அந்த வீட்டுக்காரர்கள் மதிலைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் புதிதாக மஞ்சள் அடித்தார்கள். அதே இடத்தில் நின்று மறுபடி ஒரு படம் எடுத்து, ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் அதே ப்ரோகிராமில் போட்டேன். உவர் இல்லாததால் ஊடை எங்கும் விழவில்லை. பூச்சு முழுவதும் 160-க்கும் 191-க்கும் இடையிலான ஒரே தட்டில் அடங்கியதால், கொடி படாத நிரல்களில் ஒரு பிக்சலும் அசையவில்லை. அவை நிழற்படமாகவே வெளியே வந்தன. கொடி இருந்த நிரல்களில் மட்டும், வழியில் தடுக்க எந்த அணையும் இல்லாமல் காகிதப்பூக்கள் அத்தனையும் சுவரின் அடிக்கு இறங்கி, இலைகளின்மேல் குவிந்து கிடந்தன.